கருவறையை எட்டும் கலக்கம்

சுங்கை சிப்புட் என்றதும் வரலாற்று மாணவர்க்கு 1948 ஜூன் 16 நினைவுக்கு வரும். அன்று எல்ஃபில் தோட்டத்திலும் அதனருகிலும் ஐரோப்பியத் துரைமார் மூவர் கொல்லப்பட்டனர். சில நாள்களில் நாடெங்கும் அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்த அக்காலத்தில் முள்வேலிக்குள் லயங்கள், வாசலில் அரிசிச் சோதனை, இரவில் ஊரடங்கு. அதற்கிடையே பால்மரம் வெட்டிக்கொண்டே பிள்ளை சுமந்த பெண்கள் பலர். தாயின் அச்சம் வயிற்றுப் பிள்ளையை எட்டுமா என்னும் வினாவை இவ்வூரில் நின்று கேட்பது பொருத்தமே.

எட்டும், ஆனால் அளவோடு. அச்சமுறும்போது அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசாலைச் சுரக்கிறது. அது பகையன்று, கருவின் நுரையீரல் முதிர அதுவே வேண்டும். மிகுதியைத் தடுக்க நஞ்சுக்கொடியில் ஒரு நொதி காவல் நின்று, அதன் பெரும்பகுதியை வீரியமற்ற கார்ட்டிசோனாக மாற்றுகிறது. நீண்ட கலக்கத்தில் இக்காவல் தளரக்கூடும். கருவுற்ற தொடக்கத்தில் தாயிடம் கார்ட்டிசால் மிகுந்திருந்தால், ஏழு வயதளவில் பெண்பிள்ளைகளின் மூளையில் அச்சவுணர்வோடு தொடர்புடைய அமிக்டலா சற்றுப் பெருத்திருந்ததை 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கண்டது.

கவலையுறும் தாய்க்கு வறுமையும் இருக்கலாம், பரம்பரையும் இருக்கலாம். எது காரணம் எனப் பிரிப்பது எவ்வாறு? 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக்கில் பெய்த பனிக்கட்டி மழை மின்கம்பங்களைச் சாய்த்தது. சில வீடுகளில் ஐந்து வாரத்திற்கு மேல் மின்சாரமில்லை. எவர் வீடு எத்தனை நாள் இருண்டது என்பது அவரவர் குணத்தைப் பொறுத்ததன்று. ஆய்வாளர்க்கு இதைவிட நல்ல சோதனைக்கூடம் அமையாது. சூசன் கிங் குழுவினர் அப்போது கருவுற்றிருந்தோரின் பிள்ளைகளைப் பல்லாண்டு தொடர்ந்தனர். மிகுந்த இன்னலுற்ற தாயரின் பிள்ளைகள் ஐந்தரை வயதில் மொழித்திறனிலும் நுண்ணறிவுத் தேர்விலும் சற்றுப் பின்தங்கியிருந்தனர்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில், பேறுகால நெருக்கத்தில் மிகுந்த கவலையுற்ற தாயரின் பிள்ளைகளிடம் நடத்தைச் சிக்கல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இதைக் கேட்டு மருள வேண்டா. அவர்களுள்ளும் பெரும்பாலோர்க்குச் சிக்கலே இல்லை. ஆதலின், பின்தங்கும் மாணவனைக் கண்டு 'கருவிலேயே அமைந்தது' என ஆசிரியர் கைவிடுவதற்கு இவ்வெண்கள் சான்றாகா. 'நீ கவலைப்பட்டாய், பிள்ளை கெட்டது' என்று மருமகளைச் சாடும் வீடுகளையும் நாம் அறிவோம். அச்சாடலும் கார்ட்டிசாலை ஏற்றும்.

பிறந்தபின் நிகழ்வதும் கணக்கில் சேர்கிறது. 2010இல் வெளியான இலண்டன் ஆய்வில், தாயோடு பாதுகாப்பான பிணைப்புப் பெற்ற பதினேழு மாத மழலைகளின் அறிதிறனில், கருக்காலக் கார்ட்டிசாலின் தடம் தென்படவில்லை.