உங்களுக்குத் தெரியுமா? கோஜி ஒரு செடியல்ல, இரண்டு!

கோஜி பெர்ரி என விற்கப்படும் சிவந்த உலர்பழம் கத்தரிக் குடும்பத்து முட்புதர் ஒன்றின் கனி. அந்தப் புதரில் இரண்டு இனங்கள் உண்டு: லின்னேயஸ் 1753இல் பெயரிட்ட லைசியம் பார்பாரம், மில்லர் 1768இல் பெயரிட்ட லைசியம் சைனென்ஸ். முள்ளும் பழமும் ஒன்றுபோலத்தானே, இது தாவரவியலாளர்களின் வீண் பிரிவினை அல்லவா என்று கேட்கலாம். பழத்தை வைத்துக் கேட்டால் நியாயமான கேள்விதான். ஆனால் பூ வேறு சாட்சி சொல்கிறது. பார்பாரத்தின் புல்லிவட்டம் பெரும்பாலும் இரண்டாகப் பிளந்திருக்கும், அல்லிக்குழல் மடல்களைவிட நீளம். சைனென்ஸின் புல்லிவட்டத்தில் 3 முதல் 5 பிளவுகள். குழல் மடல்களைவிட நீளாது, மடல் விளிம்பில் மென்மயிர். ஒரு குணம் மாறினால் மண்ணின் பாதிப்பு எனலாம். பல குணங்கள் சேர்ந்தே மாறினால் அப்படித் தள்ளிவிட முடியாது. சீன அரசின் மருந்து நூலும் இவ்விரண்டைப் பிரித்தே பார்க்கிறது: மருந்தாகும் வேர்ப்பட்டைக்கு இரண்டையும் ஏற்கிறது. பழத்துக்கோ பார்பாரம் மட்டுமே.