வால் மயிர் உதிரும் குதிரைக்கு எண்ணெய் மருந்தல்ல

நம் இதழுக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை மாடு, ஆடு, கோழி பற்றியவை. குதிரையைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம். போன பங்குனியில் கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் இப்படி எழுதியிருந்தார்: ‘குதிரையின் மேனி மினுமினுக்க என்ன எண்ணெய் தடவலாம்?’ அந்த வழியாக வேறு வேலையாகப் போனபோது நேரிலேயே பார்த்துவிட்டேன்.

“ஏனுங்க சார், ஆடியில அந்தியூர் சந்தையில புடிச்சப்போ கண்ணாடியாட்டம் இருந்துச்சுங்க. இப்பப் பாருங்க” என்றார். செம்மண் நிறக் குதிரை. ரோமம் வறண்டு நிறம் மங்கியிருந்தது. பிடரி மயிர் திட்டுத் திட்டாக இல்லை. வாலைப் பிடித்தால் கையோடு வந்தது. படர்தாமரை என்று நினைத்து வேப்பெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் தடவிப் பார்த்துவிட்டார். எண்ணெயில் புழுதி ஒட்டியதுதான் மிச்சம். அடுத்ததாக மாட்டு உண்ணிக்கு வாங்கிய அமிட்ராஸ் மருந்தைத் தெளிக்க எடுத்து வைத்திருந்தார்.

அந்தப் பாட்டிலை முதலில் உள்ளே வைக்கச் சொன்னேன். மாட்டுக்குப் பயன்படும் அமிட்ராஸ் குதிரைக்கு ஆகாது. குடல் அசைவு நின்று சாணம் அடைத்து, வயிற்று வலியில் குதிரை செத்தும் போகலாம். குதிரைக்கு உண்ணி மருந்து எதுவானாலும் கால்நடை மருத்துவரைக் கேட்டுத்தான்.

பிறகு குளம்பைப் பார்த்தேன். நான்கிலும் வளையம் வளையமாகக் கோடு. பிடரியும் வாலும் உதிர்ந்து குளம்பிலும் கோடு விழுந்தால், தோலைப் பார்ப்பதற்கு முன் தீவனத் தொட்டியைப் பார்க்க வேண்டும். அவர் தொட்டியில் கிடந்தது சவுண்டல் தழை. வரப்பு முழுக்க வளர்ந்து நிற்கிறது, ஆடுகளுக்கு வெட்டும்போது குதிரைக்கும் ஒரு கட்டு. அந்த மரத்தை வரப்பில் வைக்கச் சொல்லி இருபது வருடத்துக்கு முன் ஊர் ஊராகப் பேசியவர்களில் நானும் ஒருவன். குதிரைக்குப் போடாதீர்கள் என்று அன்று ஒரு கூட்டத்திலும் சொன்னதாக நினைவில்லை.

சவுண்டலில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. இளந்தளிரிலும் விதையிலும் அதிகம். மயிர் வளரும் வேர்க்காலையே அது பாதிக்கும். ஆடு மாடுகளின் அசையூண் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் இதை ஓரளவு சிதைத்துவிடும். அவற்றுக்கும் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்பது அதனால்தான். குதிரை அசை போடும் பிராணி அல்ல. அதற்குச் சவுண்டல் அறவே வேண்டாம்.

அவர் செய்த இன்னொரு காரியம், தினமும் மூன்று நான்கு கிலோ அரிசித் தவிடு. தவிட்டில் பாஸ்பரஸ், கால்சியத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். மாதக்கணக்கில் இப்படிப் போனால் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து முகம் வீங்கும், கால் நொண்டும். கம்பு நேப்பியர் புல்லை மட்டுமே போடுவதும் நல்லதல்ல. அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கோழித் தீவனம் மிஞ்சியதென்று வைப்பது எல்லாவற்றிலும் மோசம். இரத்தக் கழிச்சலுக்காக அதில் கலக்கும் சில மருந்துகள் குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

அப்படியானால் என்ன போடுவது? 300 கிலோ எடையுள்ள நாட்டுக் குதிரைக்கு நாளுக்கு 5 முதல் 6 கிலோ காய்ந்த புல் அல்லது சோளத்தட்டு அடிப்படை. பூஞ்சணம் பிடித்தது கூடாது. ஊறவைத்து வேகவைத்த கொள்ளு ஒரு கிலோ. உப்பு 25 கிராம். ஆளி விதை கிடைத்தால் 50 கிராம் அரைத்துக் கலக்கலாம். மினுமினுப்புக்கான கொழுப்பு உள்ளேயிருந்துதான் வர வேண்டும். பசுமைக்குக் குதிரைமசால் இரண்டு மூன்று கிலோ. பெயரிலேயே குதிரை இருக்கும்போது நாம் சவுண்டலைத் தேடிப் போயிருக்கிறோம்! கால்சியமும் புரதமும் நிறைந்தது. 10 சென்டுக்கு 800 கிராம் விதை போதும். ஆடியிலிருந்து மார்கழிக்குள் விதைக்கலாம். முதல் அறுப்பு 75 நாளுக்கு மேல், பிறகு மாதம் ஒன்று. எந்தத் தீவனத்தையும் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்ற வேண்டும், ஒரே நாளில் மாற்றினால் வயிற்று வலி வரும்.

குளிப்பாட்டுவதைப் பற்றியும் கேட்டார். வியர்த்து வந்தால் வெறும் தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவினால் போதும். சோப்பு அடிக்கடி போட்டால் தோலில் இயற்கையாகச் சுரக்கும் எண்ணெய் போய்விடும். அந்த எண்ணெயை மயிர் நுனிவரை பரப்புவது தேய்ப்புதான். காலையும் மாலையும் கால் மணி நேரம், தேங்காய் நாரால் வட்டமாக, பிறகு மயிர் போகும் திசையில் கோணித் துண்டால். நடுப்பகல் வெயிலில் கட்டினால் செம்மண் நிறம் வெளுக்கும்.

நான் வேளாண்மை படித்தவன். எனவே குடற்புழுவை மருத்துவரிடம் விட்டுவிட்டேன். சாணத்தைப் பரிசோதித்ததில் புழு முட்டை இருந்தது. எடை பார்த்து மருந்து கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்துப் போனில் பேசினார். உடம்பில் புது ரோமம் வந்து பளபளக்கிறதாம். வால் இன்னும் ஒரு சாண்தான். குளம்புக் கோடு பாதி வழி இறங்கியிருக்கிறது. குளம்பு மேலிருந்து கீழ்வரை முழுதாக வளர ஏறத்தாழ ஒரு வருடம் பிடிக்கும். இந்த ஆடிச் சந்தைக்குக் குதிரையைக் கொண்டு போகவா என்று கேட்டார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன். குதிரைமசாலுக்கு 10 சென்டு ஒதுக்கிவிட்டார். சவுண்டல் ஆடுகளுக்கு மட்டும் போகிறது.