வெள்ளம் வடிந்த பின் வீடு

காவிரிக் கரையில் வாழ்வோர்க்கு மேட்டூர் அணை நிரம்புதல் மகிழ்ச்சியையும் கவலையையும் ஒருங்கே தரும் செய்தியாகும். 2018, 2022 ஆகிய ஆண்டுகளின் ஆகஸ்டு மாதத்தில் அணையிலிருந்து விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கன அடி நீர் வெளியேறியபோது, குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் கரையோர வீடுகள் நீரில் சூழப்பட்டன. 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழையால் திருமணிமுத்தாறு பெருகியது. வெள்ளம் வருகையில் மக்களைக் காப்பதில் யாவரும் முனைகின்றோம். அது வடிந்த பின் வீட்டைச் செப்பனிடுவதில்தான் அவசரம் மிகுகின்றது. ஈரமும் பூசணமும் தீயும் ஒன்றையொன்று தொடர்ந்து வரும் கேடுகள். முறைப்படி நடந்தால் மூன்றையும் தடுக்கலாம்.

நீர் வடிந்ததும் ஆபத்து நீங்கிற்று என எண்ணலாகாது. ஊறிய மண்சுவர் எடை கூடி, வலுக்குன்றி நிற்கும். பல நாள் கழித்தும் சரியக்கூடும். 2019 டிசம்பர் 2 அன்று விடியற்காலையில், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், பெருமழையின்போது கருங்கல் சுற்றுச்சுவர் வீடுகளின் மேல் விழுந்து 17 பேர் மாண்டனர். கற்சுவரே அவ்வாறாயின், மண்சுவரைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை. அடி கரைந்தோ, வெடித்தோ, சாய்ந்தோ உள்ள சுவரின் அருகில் எவரும் இரவில் உறங்கலாகாது. அத்தகைய குடும்பங்களுக்குப் பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ இடமளிப்பது பஞ்சாயத்தின் கடமையாகும்.

நனைந்த மின்பெட்டியை எவரும் தொடலாகாது. மின்வாரியப் பணியாளர் சோதித்த பின்னரே மின்சாரம் பாய வேண்டும். ஈரக் கம்பியால் அதிர்ச்சியும் தீவிபத்தும் நேரும். பழுதுபார்க்குமுன் சேதத்தைப் படமெடுத்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவித்தல் நிவாரணம் பெறத் துணை செய்யும்.

அடுத்து, வண்டலை ஈரமாக இருக்கும்போதே வழித்தெடுத்து, சுவரடியில் தேங்கிய நீரை வாய்க்கால் வெட்டி வடிக்க வேண்டும். கதவு, சன்னல்களைத் திறந்து வைத்துக் காற்றாலேயே உலர்த்த வேண்டும். பொங்கலோ திருமணமோ வருகிறதென்று ஈரச்சுவரில் சிமெண்டுப் பூச்சோ எண்ணெய் வர்ணமோ பூசுதல் கூடாது. உள்ளீரம் வெளியேற வழியின்றிப் பூச்சு உதிரும், உப்புப் பூக்கும். சுவர் உலர்ந்ததா என அறிய எளிய வழியுண்டு. ஒரு சாண் அளவு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் சுவரில் ஒட்டுக. மறுநாள் தாளின் உட்புறம் நீர்த்துளி இருப்பின் இன்னும் பொறுக்க வேண்டும். மண்சுவருக்கு மண்சாந்தும் சுண்ணாம்பு வெள்ளையுமே ஏற்றவை.

ஈரம் இரண்டு நாள் நின்றால் பூசணம் தோன்றத் தொடங்கும். அதன் தூள் இழுப்பு நோயாளிக்குப் பகை. ஆகவே வாய், மூக்கைத் துணியால் கட்டி, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் தேய்த்தால் தூள் பரவும். பிளீச்சிங் பவுடரைக் கழிப்பிடம் கழுவும் அமிலத்தோடு கலந்தால் நச்சுவாயு எழும். பூசணம் பிடித்த நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் கோழிக்கும் இடலாகாது. அதன் நஞ்சு வேகவைத்தாலும் முற்றிலும் போகாது.

நனைந்த கீற்றையும் கரும்புத் தோகையையும் உலர்த்தக் குடிசைக்குள் மூட்டம் போடும் வழக்கம் பெருந்தீங்கு. கோடையில் அதே கூரை ஒரு பொறிக்குக் காத்திருக்கும். அடுப்புக்கும் கூரைக்கும் இடையே மண்பூசிய தடுப்பு இருத்தல் நலம். ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம், வைக்கோல் கலந்து புளிக்கவைத்த மண்ணோடு தார்க்கரைசல் சேர்த்து, மழைக்குக் கரையாத மண்சாந்தை உருவாக்கியுள்ளது. பொறியாளரின் ஆலோசனையோடு இதனை மண்சுவருக்குப் பயன்படுத்தலாம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பருவமழைக்கு முன் கூடும் மே 1 கிராம சபையிலேயே, நீர் ஏறிய உயரத்தைப் பொதுக் கட்டடங்களில் குறித்தல், ஓடைகளைத் தூர் எடுத்தல், தாழ்வான இடத்துக் குடிசைகளைப் பட்டியலிடுதல் ஆகிய மூன்றையும் தீர்மானிக்க வேண்டும். தீயெனில் 101, வெள்ளமெனில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 ஆகிய எண்களை ஒவ்வொரு தெருவிலும் எழுதி வைக்க வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. காக்கப்படுவதோ ஏழையின் ஒரே வீடு.