தோர்னோவில் பிறந்த குடும்பப்பெயர்

நெட்ஃபிளிக்ஸில் 2018-இல் வந்த 'எலீத்' தொடரைப் பார்த்தவர்களுக்கு எஸ்தர் எக்ஸ்போசிதோவைத் தெரிந்திருக்கும். அதில் அவர் மார்க்கேஸ் பட்டம் கொண்ட பிரபுக் குடும்பத்துப் பெண்ணாக வருகிறார். இன்ஸ்டாகிராமில் அவரைப் பின்தொடர்பவர்கள் இரண்டு கோடிக்கும் மேல். அந்தப் பெயரைச் சொல்லும்போது ஸ்பெயினில் இன்று யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. 'எக்ஸ்போசிதோ' என்று ஒருவன் சொன்னால், அவன் எந்த ஊர், யார் பிள்ளை என்ற அடுத்த கேள்விக்கு வேலையே இருக்காது. பெயரே பதில் சொல்லிவிடும்: இவன் போட்டுவிட்டுப் போன பிள்ளை.

லத்தீனில் 'எக்ஸ்போசிதுஸ்' என்றால் வெளியே வைக்கப்பட்டவன். தேவாலய வாசலிலோ, ஆஸ்பத்திரித் திண்ணையிலோ, அனாதைக் குழந்தை இல்லத்தின் சுவரிலோ விடப்பட்ட பச்சிளங்குழந்தைகளுக்குப் பொதுவாக வைத்த பெயர் அது. சுவரில் எப்படி விடுவது என்றால், அதற்கென்றே ஒரு பொறி இருந்தது. பெயர் 'தோர்னோ'. தெருப்பக்கச் சுவரில் ஒரு திறப்பு. அதற்குள் நடுத்தண்டில் சுழலும் மரப் பீப்பாய். பீப்பாய்க்கு ஒரு பக்கம் மட்டும் வாய். குழந்தையை அதில் கிடத்தி ஒரு தள்ளு தள்ளினால் வாய் உள்பக்கம் திரும்பிவிடும். மணியை இழுத்துவிட்டு இருட்டில் நடந்துவிடலாம். உள்ளே காத்திருப்பவளுக்கு வெளியே நின்றவள் முகம் தெரியாது. வெளியே நின்றவளுக்கும் குழந்தையை யார் எடுத்தார்கள் என்று தெரியாது. இரண்டு பக்கமும் முகம் தெரியக்கூடாது என்பதுதான் அந்தப் பொறியின் நோக்கம்.

உள்ளே உடனே ஒரு பதிவேடு திறக்கப்படும். வந்த தேதி, மணி, போர்த்தியிருந்த துணி, ஞானஸ்நானம் ஆயிற்றா இல்லையா என்று ஏதாவது சீட்டு இருந்தால் அதன் வாசகம், எல்லாம் அதில் ஏறும். சில குழந்தைகளோடு பாதி நாடா, பாதியாகக் கிழித்த அட்டை, உடைத்த பதக்கத்தின் ஒரு துண்டு வரும். மறுபாதி தாயிடம். நிலைமை சீரானதும் மறுபாதியைக் காட்டிப் பிள்ளையை மீட்கலாம் என்ற நம்பிக்கை. மீட்க வந்தவர்கள் மிகக் குறைவு. வந்தாலும் குழந்தை உயிரோடு இருக்கவேண்டுமே. தாய்ப்பால் கொடுக்கும் செவிலிகள் போதவில்லை. கிராமத்துச் செவிலிகளிடம் மாதக்கூலிக்கு அனுப்பிய குழந்தைகளில் பலவும் தேறவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பெரிய இல்லங்களில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் சின்ன வயதிலேயே இறந்துபோயின. ஆக, எக்ஸ்போசிதோ என்ற பெயரை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் வயதுவரை ஒருவன் பிழைத்ததே பெரிய காரியம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இவர்கள் எல்லோரும் கல்யாணமாகாத பெண்களின் பிள்ளைகள் அல்ல. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில், தாய் இறந்துபோன வீடுகளில், முறைப்படி மணமானவர்களும் தோர்னோவைத் தேடிப் போனார்கள். ஊர் வாய்க்கு அந்த வேறுபாடு பொருட்டில்லை.

எல்லா இடத்திலும் இதே பெயரை வைக்கவில்லை என்பதும் சுவாரசியம். சரகோசாவில் கிராசியா மாதா ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகள் 'கிராசியா' ஆனார்கள். கத்தலோனியாவில் 'தெவுலோஃபெவ்' என்று ஒரு பெயர். கடவுள் ஆக்கியவன் என்று பொருள். கால்பந்து ரசிகர்கள் அந்தப் பெயரை பார்சிலோனா அணியில் கேட்டிருப்பார்கள். இத்தாலியில் இதே வேரிலிருந்து வந்த 'எஸ்போசிதோ' நேப்பிள்ஸ் வட்டாரத்தில் தடுக்கி விழுந்தால் எதிர்ப்படும் பெயர்.

அரசாங்கம் இந்தக் களங்கத்தைக் கவனிக்காமல் இல்லை. 1794-இல் மன்னர் நான்காம் கார்லோஸ் ஓர் ஆணை போட்டார். பெற்றோர் தெரியாத இந்தப் பிள்ளைகள் அனைவரும் சட்டத்தின் கண்ணில் முறையாகப் பிறந்தவர்களே. அவர்களை முறைதவறிப் பிறந்தவன் என்று ஏசினால் நீதிமன்றத்தில் வார்த்தையைத் திரும்பப் பெறவேண்டும், அபராதமும் கட்டவேண்டும். பதவிக்கும் கைவினைஞர் சங்கத்துக்கும் 'இரத்தத் தூய்மை' நிரூபிக்கச் சொன்ன நாட்டில் இது சின்ன விஷயமல்ல. ஆணையில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. குற்றம் செய்த எக்ஸ்போசிதோவுக்குச் சவுக்கடியும் தூக்கும் கூடாது, மேல்குடியினருக்கு என்ன தண்டனையோ அதையே கொடுங்கள் என்கிறது. காரணம், அவன் ஏதாவது பெரிய வீட்டுப் பிள்ளையாக இருந்துவிட்டால்? ஊர் அவனை வேசி மகன் என்றது; ராஜாவோ பிரபு மகனாகவும் இருக்கலாம் என்று பயந்தார். யாருக்கும் அவனை அவனாகப் பார்க்கத் தோன்றவில்லை.

பின்னர் வந்த ஒரு மன்னராணை அவர்களை வேறு விதத்தில் பயன்படுத்திக்கொண்டது. 1803 நவம்பர் இறுதியில் அ கொருஞா துறைமுகத்திலிருந்து 'மரியா பீத்தா' என்ற கப்பல் அமெரிக்கக் குடியேற்றங்களை நோக்கிப் புறப்பட்டது. மருத்துவர் பால்மிஸ் பெரியம்மைத் தடுப்பு மருந்தை எடுத்துப் போகிறார். குளிர்பெட்டி இல்லாத காலம். எனவே மருந்து பயணித்தது 22 சிறுவர்களின் கைகளில். இருவருக்கு அம்மைப்பால் குத்தி, கொப்புளம் பழுத்ததும் அதிலிருந்து எடுத்து அடுத்த இருவருக்கு, அப்படியே கடல் தாண்டும்வரை. ஏறக்குறைய எல்லோரும் அனாதை இல்லத்துப் பிள்ளைகள். பயணப் பட்டியலில் பலருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. கிளெமென்தே, ஹசிந்தோ என்று ஒற்றைப் பெயர்தான். அவர்களைப் பார்த்துக்கொண்டு கூடவே போனவர் அ கொருஞா குழந்தை இல்லத்தின் பொறுப்பாளர் இசபெல் சென்தால். கொரோனா காலத்தில், 2020 டிசம்பரில், மத்ரித்தில் அவசரமாகக் கட்டித் திறந்த ஆஸ்பத்திரிக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

பெயரைக் கழற்றிப்போட வழி வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். 1921-இல் எக்ஸ்போசிதோ என்பதை மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. 1957-ஆம் ஆண்டுக் குடிமைப் பதிவுச் சட்டமோ அந்தப் பெயரைத் தன் வாசகத்திலேயே குறிப்பிட்டு, அதையும் அதைப்போலப் பிறப்பு தெரியாததைக் காட்டும் பெயர்களையும் விட்டு, வழக்கத்தில் உள்ள வேறு பெயருக்கு மாறலாம் என்றது. பலர் மாறினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று கார்சியாவாகவோ லோப்பெஸாகவோ இருப்பார்கள். கார்சியா என்றால் கூட்டத்தில் கரைந்துவிடலாம். முதல் குடும்பப்பெயராக அதை மட்டும் சுமார் 14 லட்சம் பேர் வைத்திருக்கிறார்கள்.

மாறாதவர்களும் இருந்தார்கள். அதற்குப் பெருமை காரணமா, அலுவலகப் படியேறும் சோம்பலா, தாத்தாவின் கையெழுத்தைத் தொலைக்க மனமில்லாததா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபட்டிருக்கும். அவர்களால்தான் பெயர் பிழைத்தது. அர்ஜென்டினாவில் ஒமேரோ எக்ஸ்போசிதோ அந்தப் பெயரோடே தாங்கோ பாடலாசிரியராகப் புகழ்பெற்றார். தம்பி விர்ஹிலியோ இசையமைக்க, 1944-இல் அவர் எழுதிய 'நரான்ஹோ என் ஃப்ளோர்' இன்றும் பாடப்படுகிறது.

குழந்தைகள் வந்த இடங்களும் வேஷம் மாற்றிக்கொண்டுவிட்டன. சந்தியாகோ தெ கொம்பொஸ்தெலாவில் கத்தோலிக்க அரசர்கள் கட்டிய பெரிய ஆஸ்பத்திரி நூற்றாண்டுகளாகக் கைவிடப்பட்ட குழந்தைகளை வாங்கிக்கொண்டது; 1954 முதல் அது அரசு நடத்தும் ஆடம்பர ஓட்டல். செவில்லில் குழந்தை இல்லம் இருந்த தெருவுக்கு இன்னும் தொட்டில் தெரு என்றே பெயர். இப்போது அங்கே கல்யாண உடுப்பும் ஃபிளமென்கோ கவுனும் விற்கிறார்கள்.

முன்பு இந்தப் பெயரை மறைக்கத்தான் வழி தேடினார்கள். இன்று குடும்ப மரம் வரைபவர்கள் மாகாண ஆவணக் காப்பகங்களில் அந்தப் பழைய பதிவேடுகளைப் புரட்டுகிறார்கள். தாத்தாவின் தாத்தாவரை போன தேடல் ஒரு தேதியிலும் மணியிலும் துணியின் நிறத்திலும் வந்து முட்டிக்கொள்ளும். சிலர் அங்கிருந்து டி.என்.ஏ. பரிசோதனைக்குப் போகிறார்கள்.

புதிய எக்ஸ்போசிதோக்களை அரசு இப்போது உண்டாக்குவதில்லை. பெற்றோர் தெரியாத குழந்தைக்கு வழக்கத்தில் உள்ள சாதாரணப் பெயரையே பதிவாளர் வைக்கவேண்டும் என்பது சட்டம். ஆகவே இனி அந்தப் பெயர் வந்தால் வம்சாவளியாகத்தான் வரும். வம்சம் இல்லை என்று சொன்ன பெயருக்கு இப்படியொரு கதி. ஸ்பானியர்களுக்கு இரண்டு குடும்பப்பெயர்கள், அப்பாவுடையது ஒன்று, அம்மாவுடையது ஒன்று. நீண்ட காலம் அப்பாவுடையதே முதலில் வந்ததால், எக்ஸ்போசிதோ வீட்டுப் பெண்ணின் பெயர் பேரன் காலத்தில் காணாமல் போகும். 1999 முதல் பெற்றோர் சம்மதித்தால் வரிசையை மாற்றலாம் என்றானது. 2017-இல் தந்தைக்கு இருந்த முன்னுரிமையே போயிற்று. இப்போது எக்ஸ்போசிதோ என்ற தாய் தன் பெயரை முதலில் போடச் சொல்லிப் படிவத்தில் எழுதலாம். மூத்த பிள்ளைக்கு எந்த வரிசையோ, அதே வரிசைதான் அடுத்து வரும் தம்பி தங்கைகளுக்கும்.