காந்த நாடாவும் ஏடு பெயர்த்தலும்

1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாளிரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அச்சேறியவை பலவற்றைப் பிறவிடங்களினின்றும் மீண்டும் பெறலாயிற்று. ஒரு படியே இருந்த ஏடுகளோ மீண்டில. 2005இல் தோன்றிய ‘நூலகம்’ எனும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களை இன்று மின்படிகளாக்கி வருகின்றது.

இனி, மின்படிகளைக் காப்பது எவ்வாறு? வன்தட்டுப் பழுதுறும், வலைவழிப் புகும் தீநிரல் மூலத்தையும் அதனோடு இணைந்துள்ள படியையும் ஒருங்கே கெடுக்கும். கழற்றி அலுமாரியில் வைத்த காந்த நாடாவை அஃது அணுகாது. எல். ரி. ஓ. ஒன்பதாந் தலைமுறை நாடாப் பேழையொன்று, தரவைச் சுருக்காதவிடத்தும், 18 ரெறாபைற் கொள்ளும். இத்தகைய பேழைகள் எட்டினை அடுக்கிவைத்து, வேண்டியதைத் தானே எடுத்து நாடா இயக்கியில் இடும் பொறியே ஓட்டோலோடர். பேழையின் மேலொட்டிய பட்டைக்குறியே அதற்குப் பெயர்.

இப்பொறியை ஏவுதற்குப் பக்குலா எனும் திறந்த மூல மென்பொருள் பெரிதும் ஏற்றது. அதன் நிரல் யாவர்க்கும் வெளிப்படையாதலின், செய்தோர் கைவிடினும் நாடாவைப் படிக்க வழியுண்டு. எக்கோப்பு எந்நாடாவில் உள்ளதென்பதை அது தரவுத்தளமொன்றிற் பட்டியலாக எழுதுகின்றது. அப்பட்டியல் அழியுமாயின், பீஸ்கான் எனுந் துணைக்கருவி நாடாக்களை முதலிலிருந்து முடிவுவரை படித்து அதனை மீளக் கட்டும். நாடா பலவாயின் நாளும் பலவாம். ஆகலின் ஒவ்வொருநாட் பணியின் முடிவிலும் பட்டியலையும் நாடாவில் எழுதுவித்தல் வேண்டும். இச்சிறு கருமத்தையே பலர் மறப்பது வியப்பு.

பேழைகள் யாவற்றையும் ஓட்டோலோடருள்ளே விட்டுவைத்தல், ஒரே கூரையின்கீழ் இரு படி வைத்தலேயாம். ஒரு தொகுதி வேறூரில் இருத்தல் வேண்டும். நெடுநாள் வைப்புக்கு 16 முதல் 25 பாகை வெப்பமும் குறைந்த ஈரப்பதனும் வேண்டப்படுதலின், எமது கடற்காற்றில் திறந்த அலுமாரி உதவாது.

எம் முன்னோர் ஓலை செல்லரிக்குமுன் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதினர். நாடாவைச் செல் அரியாது; அதனைப் படிக்கும் இயக்கியே வழக்கொழியும். ஒன்பதாந் தலைமுறை இயக்கி எட்டாந் தலைமுறை நாடாவைப் படிக்கும், ஏழாவதைப் படியாது. ஆகவே ஏழாந் தலைமுறை நாடா உடையோர், பழைய இயக்கி பழுதுறுமுன் அதனையும் புதியதொன்றையும் ஒருங்கிணைத்து, பக்குலாவின் பெயர்ப்புப் பணியால் அனைத்தையும் மாற்றிக்கொள்ளல் வேண்டும். மாற்றியபின் கோப்புச் சிலவற்றை மீட்டெடுத்துத் திறந்து பார்த்த பின்னரே பழைய நாடாவைக் கழித்தல் தகும்.