சலவை இயந்திரம் குடிப்பது எத்தனை வாளி?

சென்ற ஆண்டு முன்னாள் மாணவி ஒருவர் நம் விடுதிக்குச் சலவை இயந்திரம் ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். முன்பக்கம் வட்டக் கதவு; அதன் மேல் '7 கிலோ' என்ற எழுத்து. வந்த மறுவாரமே அந்த அறைக்குப் பூட்டு விழுந்துவிட்டது. "தொட்டித் தண்ணீர் முழுவதையும் இது ஒன்றே குடித்துவிடும்" என்றார் விடுதிச் சிஸ்டர். அவர் அஞ்சியதில் தவறில்லை. 2019ஆம் ஆண்டுக் கோடையில் செம்பரம்பாக்கமும் செங்குன்றமும் வறண்டு, சென்னை நகரமே லாரித் தண்ணீருக்காகக் குடத்துடன் காத்து நின்றது. நம் ஆழ்துளைக் கிணற்றிலும் சித்திரை மாதத்தில் தண்ணீரைவிடக் காற்றுதான் மிகுதியாக வருகிறது.

ஆனால், குடிக்கும் குடிக்கும் என்கிறோமே, எவ்வளவு குடிக்கும்? ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவே பத்தாம் வகுப்பு விடுதி மாணவியர் நால்வர் அதை அளந்து பார்க்க அனுமதி கேட்டோம். மூன்று சனிக்கிழமைகள் கிடைத்தன.

முதல் வேலை வாளியை அளப்பது. 18 லிட்டர் என்று சொல்லி வாங்கிய வாளி, ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றிப் பார்த்தபோது பதினாறிலேயே வழிந்தது! பதினைந்தாம் பாட்டிலில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுக்கொண்டோம். (நகப்பூச்சு எங்கிருந்து வந்தது என்று சிஸ்டர் நல்லவேளையாகக் கேட்கவில்லை.)

பிறகு இயந்திரத்தின் கழிவுநீர்க் குழாயை எடுத்துத் தரையில் இருந்த வாளிக்குள் விட்டு, விசையை அழுத்தினோம். ஒரு வாளி, இரண்டு வாளி, ஐந்து வாளி நிரம்பியும் துவைப்பே தொடங்கவில்லை. சிஸ்டர் சொன்னது சரிதான் போலும் என்று எங்கள் முகம் வாடிவிட்டது. அப்போது, விடுதியில் பல ஆண்டுகளாகத் துணி துவைத்துத் தரும் அக்கா எட்டிப் பார்த்து, "இது என்னம்மா, குடிக்கும்போதே கக்குதே?" என்றார்.

அங்கேதான் பிழை இருந்தது. இயந்திரத்தின் உள்ளே நிற்கும் நீர்மட்டத்தைவிடக் குழாயின் வாய் தாழ்ந்திருந்தால், உள்ளே வரும் நீர் நிற்காமல் தானாகவே வெளியே ஓடிவிடும். மட்டம் ஏறாததால் இயந்திரமும் மேலும் மேலும் நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் அந்தக் குழாயைத் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் மாட்டச் சொல்கிறார்கள். அடுத்த வாரம் வாளிகளை இரண்டடி உயரத் துவைகல் மேடையில் வைத்து, அவற்றின் விளிம்பில் குழாயை மாட்டினோம். வாளி நிரம்பும் முன் அடுத்த வாளிக்குக் குழாயை மாற்ற இருவர் வேண்டியிருந்தது. ஒருத்தி பாவாடையோடு நனைந்தாள்.

வெளியே வந்த நீரை மட்டும் அளந்தால் கணக்கு முடியாது. பிழிந்த பின்னும் துணியில் ஈரம் தங்குகிறதல்லவா? சமையலறைத் தராசில் துணியைத் துவைப்பதற்கு முன்னும் பின்னும் நிறுத்தோம். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஆகவே கூடியிருக்கும் எடையே துணியில் தங்கிய நீர்.

6 கிலோ உலர்ந்த துணிக்கு வெளியே வந்தது 55 லிட்டர். துணி 9.3 கிலோவாகியிருந்தது, ஆகத் தங்கியது 3.3. மொத்தம் 58.3 லிட்டர், அதாவது கிலோவுக்கு ஏறத்தாழ 9.7. அடுத்து 2 கிலோ துணியை மட்டும் போட்டோம். மூன்றில் ஒரு பங்கு நீர் போதும் என்றுதான் நினைத்தோம். வந்ததோ மொத்தம் 36 லிட்டர்! கிலோவுக்கு 18. துணி குறைந்தாலும் தொட்டியின் அடிமட்டத்தை நிரப்பியே ஒவ்வோர் அலசலும் நடக்க வேண்டும் போலும்.

மூன்றாம் சனிக்கிழமை அக்கா அதே 6 கிலோ துணியைக் கல்லில் துவைத்தார். நாங்கள் வாளியில் மொண்டு மொண்டு கொடுத்தோம். ஏழு வாளி, அதாவது 105 லிட்டர், கிலோவுக்கு 17.5. குழாயைத் திறந்துவிட்டு அலசும் நம்மில் பலர் எவ்வளவு செலவழிக்கிறோம் என்பதை அளக்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

இனி அந்த '7 கிலோ'. அது உலர்ந்த பருத்தித் துணியின் எடை. நனைந்த துணியின் எடையன்று. உருளையின் விட்டம் 48 செ.மீ., ஆழம் 30 செ.மீ. வகுப்பில் படித்த உருளைக் கன அளவு வாய்பாட்டில் போட்டால் சுமார் 54 லிட்டர் வருகிறது. ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவான இடம். அந்த இடம் எதற்கு? இந்த வகை இயந்திரத்தில் துணி மேலே தூக்கப்பட்டு விழுந்து விழுந்துதான் அழுக்குப் போகிறது. திணித்துவிட்டால் விழ இடமில்லை. துணிக்கு மேல் ஒரு கை நுழையும் இடம் இருக்க வேண்டும். நம் சீருடை போன்ற செயற்கை இழைத் துணி எடை குறைவு, இடமோ அதிகம். அதில் ஏறத்தாழப் பாதி எடைதான் போடலாம். சோப்புத்தூளை அள்ளிக் கொட்டுவதும் கூடாது. நுரை மிகுந்தால் அலசலும் மிகும்.

விடுதியில் நாம் 60 பேர். ஆளுக்கு வாரம் 2 கிலோ என்றால் 120 கிலோ. கல்லில் துவைத்தால் 2,100 லிட்டர். ஒவ்வொருத்தியும் தன் துணியைத் தனியாக இயந்திரத்தில் போட்டால் 2,160 லிட்டர். மூவர் துணியைச் சேர்த்து 20 முறை போட்டால் 1,166 லிட்டர்தான்.

இந்தத் தாளைக் கொண்டுபோய்ச் சிஸ்டரிடம் கொடுத்தோம். அவர் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். பிறகு, "அக்காவுக்கு வேலை?" என்று கேட்டார். அதை நாங்கள் யோசிக்கவே இல்லை. இப்போது இயந்திரத்தை நடத்துவது அக்காதான். காலர் அழுக்கைக் கல்லில் தேய்த்துவிட்டு, எடை போட்டு உள்ளே போடுகிறார். கடைசி அலசல் நீர் வராந்தா கழுவப் போகிறது. தன் துணி பிறர் துணியோடு கலக்கக்கூடாது என்று முணுமுணுத்தவர்கள்கூட, எண் தைத்துக் கொடுத்துவிட்டார்கள். வெள்ளைக் காலுறைகள் மட்டும் இன்னும் ஜோடி மாறியே திரும்பி வருகின்றன.