ஐந்து மைலுக்குள் ஒரு வீடு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனுக்கு இன்றியமையாதவை என்று தொடக்கப் பள்ளி முதலே படித்து வருகிறோம். பசித்தவனுக்கு ஒரு வேளைச் சோறு இடலாம். உடையற்றவனுக்கு ஒரு வேட்டி தரலாம். வீடற்றவனுக்கு எதைத் தருவது? இந்த வினாவுக்கு விடை தேடுவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர்.

இவர் 1917 மார்ச் 2-ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தார். கட்டடக்கலை பயின்ற இவர், இரண்டாம் உலகப் போரின்போது மருத்துவத் தொண்டராகச் சீனா சென்று தொழுநோயாளர்களுக்குப் பணிவிடை செய்தார். தாயகம் திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியடிகளைக் கண்டார். பழந்துணிகளால் பேக்கர் தாமே செய்து அணிந்திருந்த காலணி அடிகளின் கண்ணில் பட்டது. பேச்சு அங்கே தொடங்கியது. ஏழையின் வீடு 5 மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே எழ வேண்டும் என்ற அடிகளின் கருத்து பேக்கரின் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது.

1945-இல் அவர் மீண்டும் இந்தியா வந்தார். தொழுநோய் கண்டவர்களை வீட்டைவிட்டு விரட்டிய காலம் அது. அவர்களுக்கான விடுதிகளை மருத்துவமனைகளாக மாற்றியமைப்பதே அவருடைய முதற்பணி. 1948-இல் கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத்தை மணந்து, இமயமலைப் பகுதியான பித்தோராகரில் பல்லாண்டுகள் வாழ்ந்தார். கல்லூரியில் கற்ற கலை அங்கே அதிகம் உதவவில்லை. கல்லையும் மண்ணையும் கொண்டு குளிருக்கேற்ப வீடு கட்டிய மலைவாழ் மக்களே அவருக்கு ஆசிரியர்களாயினர். 1963-இல் கேரளம் வந்தவர், பின்னர்த் திருவனந்தபுரத்திலேயே தங்கி இந்தியக் குடிமகனும் ஆனார்.

எலிப்பொறிச் சுவர்

சிக்கனம் என்றால் சிமெண்டைக் குறைத்து ஏமாற்றுவது என்று நாம் எண்ணுகிறோம். பேக்கரின் சிக்கனம் அத்தகையதன்று. அது அறிவியல் வழிப்பட்டது. சாதாரணமாகக் கொத்தனார் செங்கல்லைப் படுக்கையாக வைத்துக் கட்டுவார். பேக்கர் அதனை விளிம்பில் நிறுத்தி, இரு வரிசைகளுக்கு நடுவே இடைவெளி விட்டுக் கட்டச் செய்தார். 9 அங்குலச் சுவரில் இருபுறமும் 3 அங்குலம் செங்கல். நடுவே 3 அங்குலம் காற்று! இம்முறைக்கு 'எலிப்பொறிக் கட்டு' என்று பெயர். செங்கல்லில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்று நாம் படித்திருக்கிறோம் அல்லவா? அந்தப் பாடமே இங்குச் சுவராகி நின்று வெயிலைத் தடுக்கிறது.

கூரைக்கும் ஒரு வழி கண்டார். கான்கிரீட் கூரை பளுவால் வளையும்போது அதன் மேற்பகுதி அமுங்குகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது. அமுக்கத்தைத் தாங்குவது கான்கிரீட். இழுவிசையைத் தாங்குவது கம்பி. எனவே கீழ்ப்பகுதியில் உள்ள கான்கிரீட்டின் பெரும்பகுதிக்குக் கம்பியைப் பொதிந்து வைப்பதைத் தவிர அதிக வேலையில்லை. அவ்விடத்தில் கம்பிகளுக்கு இடையே பழைய சீமை ஓடுகளை வைத்து நிரப்பினார். கான்கிரீட்டும் குறைந்தது; கூரையின் எடையும் குறைந்தது. சிமெண்டுக்கும் கம்பிக்கும் போகும் பணம் உள்ளூர்க் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலியாகச் சேரட்டும் என்பது அவர் கருத்து.

பூந்துறை தரும் பாடம்

கடற்கரையில் பிறந்த என்னை மிகவும் கவர்ந்தது, திருவனந்தபுரத்தை அடுத்த பூந்துறையில் 1970-களின் நடுவில் மீனவர்களுக்காக அவர் அமைத்த குடியிருப்பே. வீடுகளை இராணுவ அணிவகுப்புப் போல ஒரே கோட்டில் நிறுத்தாமல், ஒன்று விட்டு ஒன்று தள்ளி அமைத்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் கடற்காற்று கிடைத்தது. முன்னே முற்றமும் கிடைத்தது. சுவர்களில் செங்கற்களுக்கிடையே துளைகள் விட்டுக் காற்று உள்ளே வந்து வெளியேற வழி செய்தார். காற்றோடு மோதாமல் அதற்கு வழிவிடும் வீடு அது. மீனவனுக்கு வீடு என்பது நான்கு சுவர் மட்டுமன்று. வலை உலர்த்தவும் பழுது பார்க்கவும் இடம் வேண்டும் என்பதை உணர்ந்தவரால்தான் இப்படிக் கட்ட முடியும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது நான் பள்ளி மாணவன். கோட்டைப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக் கீற்றுக் கூரை பறந்தது. சில நாட்கள் பள்ளிக்கூட வகுப்பறையே எங்களுக்கு வீடு. வீடற்றவன் என்னும் சொல்லுக்கு அன்றுதான் பொருள் விளங்கியது. பின்னர் என் தந்தையார் கடன் வாங்கிச் செங்கல் சுவர் எழுப்பினார். பூச்சுக்குப் பணம் போதவில்லை. "பூசாத செவுரைப் பார்த்து ஊரு என்ன சொல்லும் தம்பி?" என்று இன்றும் வருந்துவார். கல்லூரி நண்பர்களை வீட்டுக்கு அழைக்க நானும் கூசியதுண்டு.

ஆனால், திருவனந்தபுரத்தில் பேரறிஞர்கள் பணிபுரியும் வளர்ச்சி ஆய்வு மையத்தைப் பேக்கர் 1971 முதல் கட்டியபோது, அதன் செங்கற்சுவர்களைப் பூசவில்லை! ஏழைக்கு ஒரு முறை, செல்வர்க்கு ஒரு முறை என்று அவர் வகுக்கவில்லை. செங்கல்லை ஒழுங்காக அடுக்கி, இணைப்புகளைத் தூய்மையாக அடைத்தால் அதுவே அழகு என்றார். இதனை அறிந்த பிறகு என் கூச்சம் அகன்றது.

மனையே இல்லாதவனுக்கு இவையெல்லாம் என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பட்டா தருவது அரசின் கடமை. அதனைச் செங்கல் செய்துவிடாது. ஆனால் மனை கிடைத்த பின்னும் கடனில் மூழ்காமல் வீடு கட்ட முடியுமா என்ற கேள்விக்குப் பேக்கர் வழிகாட்டிச் சென்றிருக்கிறார். 1985-இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய 'காஸ்ட்ஃபோர்டு' நிறுவனம் அம்முறைகளை இளைஞர்களுக்குக் கற்பித்தது. 1990-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அப்பெரியார் 2007 ஏப்ரல் 1-இல் மறைந்தார்.

நண்பர்களே! நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் செம்புராங்கல் உண்டு, செங்கற்சூளைகள் உண்டு, கடலோரத்தில் கிளிஞ்சல் உண்டு. 5 மைலுக்குள் என்ன இருக்கிறது என்று கண் திறந்து பார்க்கும் பட்டதாரிகள் வேண்டும். நாம் கற்கும் வெப்பமும் விசையும் தேர்வுத் தாளோடு முடிந்துவிடாமல், ஒரு வீட்டின் சுவரிலேனும் ஏறட்டும். பேக்கருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே.